பிளாஸ்மா டார்ச்சுக்கு வைத்த பொட்டு

ஆனையூர், மதுரை
திங்கட்கிழமை மத்தியானம்

அன்பும் மரியாதையும் உள்ள மாப்பிள்ளை அருண்பாண்டி அவர்களுக்கு, மாமனார் சிவனாண்டி தன் சொந்தக் கையால் எழுதுவது. நானும் உங்கள் மனைவி தாமரைச்செல்வியும் இங்கே சுகம். கோயம்புத்தூரில் நீங்களும் ஷெட் வேலையும் சுகந்தானே? முதலில் என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். எழுத்துகள் வண்டியூர்த் தெப்பத்துக்கு வந்த கூட்டம் மாதிரி ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கும். 'ழ' மட்டும் நன்றாக இருக்கும். அதை நாற்பது தடவை எழுதிப் பழகிவிட்டேன். எழுபத்தொரு வயதில் முதியோர் வகுப்புக்குப் போய், நான் எழுதும் முதல் கடிதம் இதுதான். பத்திரமாக வைத்துக்கொள்ளவும்.

முக்கியமான சேதியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புது டார்ச் வாங்க வேண்டாம். இன்று காலை நம் பட்டறை வெல்டர் பீர் முகமது உங்களுக்குப் போன் போட்டு, தகடு வெட்டுகிற பிளாஸ்மா டார்ச் செத்துப்போச்சு என்று சொன்னாரே, அது சாகவில்லை. நீங்களும் "புதன்கிழமை கடைக்குப் போய்ப் புதுசு வாங்கிட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டீர்களே, அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. ஏனென்றால், மாப்பிள்ளை, அதைக் கொன்றது நான்தான் என்று அப்போது எனக்கு மட்டும்தான் தெரியும்.

ஆயுத பூஜைக்குப் பட்டறையைக் கழுவிவிட்டு எல்லாச் சாமானுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தேன் அல்லவா, டிரில்லுக்கு நெற்றி மாதிரி ஒரு இடம் இருக்கிறது, வெல்டிங் மெஷினுக்கும் இருக்கிறது, ஆனால் இந்த டார்ச்சுக்கு முகம் என்று பார்த்தால் அதன் வாய்தான் இருக்கிறது, அந்த வாயில் கடுகு நுழைகிற அளவுகூட இல்லாத ஓர் ஓட்டை, பொட்டு வைப்பதற்கென்றே செய்தது போல நடுவில் இருந்தது, நானும் சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்து அந்த இடத்திலேயே அழுத்தி வைத்து, பளபளப்பாக இருக்கட்டும் என்று நல்லெண்ணெயும் தடவிவிட்டேன். உங்கள் பட்டறையிலேயே விலை கூடின சாமான் என்று அதற்கு மட்டும் இரண்டு தடவை வைத்தேன்.

பூஜை முடிந்து இன்று காலை பீர் முகமது டார்ச்சை எடுத்து அழுத்தினார். புஸ் என்றது. மறுபடி அழுத்தினார். படக்கென்று ஒரு பொறி பறந்தது, அவ்வளவுதான். பத்துத் தடவை அழுத்திவிட்டு உங்களுக்குப் போன் போட்டார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்போதுதான், நீங்கள் உங்கள் கையால் எழுதி ஒட்டிய தாள் கண்ணில் பட்டது. மூன்று வருடமாக அதன்மேல் பீர் முகமது சட்டை மாட்டுகிறார். இப்போதெல்லாம் எழுத்தைக் கண்டால் என்னால் விட முடிவதில்லை, சட்டையை எடுத்துவிட்டுப் படித்தேன். 'டார்ச்சைத் திறக்குமுன் மெயினை அணைத்துப் பிளக்கைப் பிடுங்கு' என்று இருந்தது. திரும்பிப் பார்த்தால் அவர் டார்ச்சின் மூடியில் கை வைத்துத் திருகப் போகிறார், மெஷினில் பச்சை விளக்கு எரிகிறது!

"யோவ், கையை எடும்யா!" என்று கத்திவிட்டேன்.

"என்ன பெருசு, உசுரு போற மாதிரி கத்துற?"

"போயிரும்யா. மொதல்ல பிளக்கைப் புடுங்கும். எழுதியிருக்கு."

அவர் முனகிக்கொண்டே பிடுங்கினார். இரண்டாவது வரி, 'சூடு ஆறும்வரை பொறு'. அதை நான் எழுத்துக் கூட்டிப் படித்து முடிப்பதற்குள் டார்ச் ஆறிவிட்டது. "டார்ச்சு மட்டுமா ஆறுச்சு, எனக்கு வாங்கின டீயும் ஆறிப்போச்சு" என்றார். மூன்றாவது வரிப்படி மூடியைக் கழற்றி முனையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஓட்டை கருகி அடைத்திருந்தது. மோந்து பார்த்தார்.

"சந்தனமாவுல்ல மணக்குது! எந்தப் புண்ணியவான் வச்சது?"

நான் நாலாவது வரியைச் சத்தமாகப் படித்தேன்.

அவர் சிரித்த சிரிப்பில் தாமரைச்செல்வி வீட்டுக்குள்ளிருந்து ஓடிவந்துவிட்டாள். அப்புறம் நான் படிக்க, அவர் செய்தார். முனையையும், உள்ளே பொறி கிளப்புகிற, நடுக் குழி ஆழமாகிப்போன எலக்ட்ரோடையும் மாற்றினார். எண்ணெயை உலர்ந்த துணியால் ஒட்டத் துடைத்தார். ரப்பர் வளையம் வெடித்திருக்கிறதா என்று பார்த்தார். கம்ப்ரஸரைத் திறந்துவிட்டால் ஒரு செம்புத் தண்ணீர் வந்தது. காற்றோடு ஈரம் போனால் டார்ச்சுக்கு ஆகாதாமே, அதுவும் உங்கள் தாளில் இருக்கிறது. மூடியைக் கையால் மட்டும் இறுக்கி, கண்ணாடியும் கையுறையும் போட்டு, பிளக்கைச் சொருகி அழுத்தினார். சர்ரென்று நீலமாக ஒரு நாக்கு நீண்டது! திருப்பரங்குன்றத்துக் கேட்டுக்கான தகடு வாழைத்தண்டு மாதிரி அறுந்து விழுந்தது. எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. கண்ணாடி போடாமல் பார்த்ததால் என்று அவர் திட்டினார். அதனாலும் இருக்கலாம்.

உடனே போன் போடுகிறேன் என்றார். நான் விடவில்லை. "இம்புட்டு நல்ல சேதிய ரெண்டு வார்த்தையில சொல்லிக் கெடுக்காதீரு, நான் எழுதுறேன்" என்று அவரிடமும் தாமரைச்செல்வியிடமும் சத்தியம் வாங்கிக்கொண்டேன்.

செய்த தப்பை ஒப்புக்கொண்டு எழுதிவிட்டேன், மனசு லேசாகிவிட்டது. கள்ளழகர் துணையால் நீங்கள் நீண்ட ஆயுளோடும் பத்து விரலோடும் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
மு. சிவனாண்டி (இது கைநாட்டு இல்லை, கையெழுத்து)

பி.கு.: உறையை ஒட்டும்போது தாமரைச்செல்வி, "அப்பா, இன்னிக்கு வெள்ளிக்கிழமைப்பா" என்றாள். எழுதி முடிக்க ஐந்து நாள் ஆனதை நான் கவனிக்கவில்லை. அவள் உங்களுக்குப் போன் போட்டாள். புது டார்ச்சைப் புதன்கிழமையே வாங்கி லாரியில் ஏற்றிவிட்டீர்களாம், கடைக்காரர் திரும்ப எடுக்க மாட்டாராம். போகட்டும், வரட்டும். அதற்குப் பொட்டைக் கைப்பிடியில் வைக்கிறேன். இனிமேல் அவசரமான சேதி என்றால் இப்படித் தாமதிக்க மாட்டேன், அடுத்த வாரமே உங்களுக்குக் கடிதம் எழுதிவிடுகிறேன்.