துரைசாணி கேட்ட புல்லுருவி

"புல்லுருவியா?" என்று வீரய்யா கங்காணி மூன்றாம் தடவையாகக் கேட்டார்.

"புல்லுருவிதான். நாளன்னிக்குக் கிறிஸ்மஸு. தொரசாணி வாசல்ல கட்டித் தொங்கவிடணுமாம்," என்றார் பங்களாச் சமையல்காரர் பொன்னையா.

இலங்கைக்குச் சுதந்திரம் வந்து ஆறு வருடமாகியிருந்தது. அந்தச் செய்தி ஹட்டன் வரை வந்து, தேயிலைத் தோட்டத்துக்கு வழி தெரியாமல் நின்றிருக்க வேண்டும். துரைசாணி கேட்டால் கேட்டதுதான்.

கங்காணியின் சங்கடம் வேறு. நிழல் மரங்களில் ஒட்டிக்கொண்டு உறிஞ்சும் புல்லுருவியை வெட்டி ஒழிப்பது அவருடைய பொறுப்பு. போன மாதம்தான், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில், "மருந்துக்குக்கூட ஒண்ணு இல்லீங்க தொர" என்று சொல்லி, துரையின் பழைய கம்பளிக் கோட்டைப் பரிசாக வாங்கியிருந்தார். உண்மையில் ஒரே ஒரு மரம் பாக்கி. ஏழாம் நம்பர் மலையில் சிவப்புத் துணி கட்டிய முனி மரம். வருடா வருடம் அதில் புதுத் துணி தானாகவே ஏறிவிடும். முனியின் மகிமை அப்படி. அதில் கத்தி வைக்க எவனுக்குத் துணிச்சல் வரும்?

"எதுக்காம் அது?"

"வெள்ளக்காரன் சாஸ்திரம். அந்தக் காலத்துல அவங்க பூசாரி மரமேறித் தங்க அருவாளால அறுப்பாராம். கீழ வெள்ளத் துணி விரிச்சு ஏந்திக்குவாங்களாம். மண்ணுல பட்டா சக்தி போயிடும்."

"ம்."

"வாசல்ல தொங்கும்போது அதுக்குக் கீழ பொம்பள நின்னா முத்தம் குடுக்கணும். முத்தத்துக்கு ஒரு பழம் பறிக்கணும். பழம் தீர்ந்தா முத்தமும் தீர்ந்துச்சு."

"கூப்பன் அரிசி மாதிரி," என்றார் கங்காணி. அவருக்கு விஷயம் தெளிவாகிவிட்டது.

வெளியூரில் வாங்கினால் பொய்யும் பிழைக்கும், கோட்டும் பிழைக்கும். மறுநாள் கினிகத்தேனைக்குப் பஸ் ஏறி, ஒரு முதலாளி வீட்டுத் தோடை மரத்தில் தொற்றியிருந்த கொத்தை அறுத்துக்கொண்டார். சும்மா வந்து மரத்தைச் சுத்தம் செய்யும் பைத்தியம் எந்த ஊர் என்று முதலாளி அன்போடு விசாரித்தார். கொத்தை மடியில் குழந்தை மாதிரி வைத்துத் தோட்டத்துக்குக் கொண்டுவந்து, லயத்தில் தன் ஒற்றை அறைக் காம்பராவின் கூரைக் கம்பில் மண் படாமல் கட்டித் தொங்கவிட்டுவிட்டு, பங்களாவில் தகவல் சொல்லப் போனார்.

திரும்பியபோது, முதுகுக் கூடையை இறக்காமலே அதன் கீழே நின்றுகொண்டிருந்தாள் அவர் மனைவி காளியாயி.

"யாருக்கு வசியம்?"

"என்ன வசியம்?"

"மண்ணுல படாம அறுத்து, உசரத்துல கட்டி வச்சிருக்கீங்க. எனக்குத் தெரியாதா? யாருக்கு?"

அவளுக்கு இவ்வளவு சாஸ்திரம் எங்கிருந்து வந்தது என்று யோசிக்கக் கங்காணிக்கு அவகாசமில்லை.

"தொரசாணிக்கு, புள்ள."

கூடை தரையில் விழுந்தது.

"தொரசாணிக்கா!"

"ஐயோ, அவங்கதான் கேட்டாங்க. வாசல்ல தொங்கவிட்டு முத்தம் குடுக்க."

"கேட்டு வேற வாங்குறாளா?"

"ரொம்ப இல்ல புள்ள. பழத்துக்கு ஒண்ணுதான்."

காளியாயி பழங்களை எண்ணினாள். பதினேழு இருந்தன. அடுத்த நிமிடம் கொத்து அடுப்பில் இருந்தது.

"நோட்டன் பிரிட்ஜு வேலாயிய விட்டுட்டு என்னத் தேடி வந்த மனுசனா இது!" என்று மூக்கைச் சிந்தினாள்.

இருபது வருடத்துக்கு முன் தோட்டமே வியந்த கதை அது. வேலாயிக்குப் பரிசம் போடப் புறப்பட்ட வீரய்யா, வழியில் காளியாயி வீட்டில் அவள் போட்டுக் கொடுத்த பாலில்லாத் தேநீர், ஒரு சாயத்தண்ணி, குடித்தார். பாதி தூரம் போய்த் திரும்பி வந்து காளியாயியைப் பெண் கேட்டார். ஏனென்று அவருக்கே தெரியாது. வருத்தமும் இல்லை.

கங்காணி ஓடிப்போய்ப் பொன்னையாவை இழுத்து வந்தார்.

"முத்தம் குடுக்கிறது தொர. வாங்கிக்கிறது தொரசாணி. கங்காணிக்கு அதுல ஒண்ணும் கெடையாது தாயி," என்று சூடம் அணைக்காத குறையாகச் சத்தியம் செய்தார் பொன்னையா. "ஆனா விடிஞ்சதும் கொத்து பங்களாவுல இருக்கணும். கங்காணி கொண்டாந்துட்டாருன்னு தொரகிட்டச் சொல்லியாச்சு."

அவர் போனதும் காளியாயி அடுப்பைப் பார்த்தாள். சாம்பல்தான் இருந்தது. கடைசி பஸ்ஸும் போயிருந்தது.

"மெய்யாவே இங்க வேற எங்கயும் இல்லியா?"

"முனி மரத்துல இருக்கு. அங்க மட்டும் நான் வெட்டல. தொரகிட்டப் பொய் சொல்லிட்டேன்." கங்காணி கோட்டைக் கழற்றி மடிக்கத் தொடங்கினார். "இதுவும் போச்சு, கங்காணி வேலையும் போச்சு."

காளியாயி கோட்டைப் பிடுங்கி அவர் தோளில் திரும்பப் போட்டாள். "கவ்வாத்துக் கத்திய எடுங்க. கினிகத்தேனைச் சரக்குன்னே குடுத்திடலாம்."

இருட்டுவதற்குள் ஏழாம் நம்பர் மலை ஏறினார்கள். மரத்தடியில் கங்காணி தலைப்பாகையை அவிழ்த்து, கன்னத்தில் போட்டுக்கொண்டார். "முனியப்பா, இது என் ஆச இல்ல, வெள்ளக்காரங்க ஆச. கோவம்னா நேரா பங்களாவுக்குப் போயிடு."

அவர் கண்ணைத் திறப்பதற்குள் காளியாயி சேலையை வரிந்து கட்டிக்கொண்டு பாதி மரம் ஏறியிருந்தாள். எந்தக் கிளையில் கால் வைப்பது என்று ஒரு இடத்திலும் தயங்கவில்லை.

"ஏந்துங்க!"

கங்காணி துரையின் கோட்டை விரித்து ஏந்தினார். கொத்து மண்ணில் படாமல் வந்து விழுந்தது.

"எறங்கு புள்ள, முனி அடிச்சிரும்!"

"எந்த முனி? வேற எவளும் வந்து பறிச்சிடக் கூடாதுன்னு வருசா வருசம் அந்தத் துணியக் கட்டுறதே நான்தான்," என்றாள் காளியாயி மேலிருந்து. "அன்னிக்குச் சாயத்தண்ணியில பின்ன என்னத்தக் கலந்தேன்னு நெனச்சீங்க?"