ஆஹென் வெண்ணெய்ச் சாமி

ஜேர்மனியின் ஆஹென் நகரில் கண் மருத்துவரிடம் டெர்மின், அதாவது சந்திக்க நேரம், கிடைக்க ஆறு வாரம். வெண்ணெய்ச் சாமி பரராசசிங்கத்திடம் கிடைக்க எட்டு வாரம்.

அயர்லாந்தில் பண்ணை பார்க்கப் போன மனிதர், திரும்பும்போது வெண்ணெய் கடையும் மரப்பீப்பா ஒன்றையும் கொஞ்சம் தெய்வீகத்தையும் கொண்டுவந்தார். விமானத்தில் எடைக் கட்டணம் பீப்பாவுக்கு மட்டும்தான்.

பனிக்காலக் குளிரில் பால்கனியில் கிடந்த கிரீமைப் பீப்பாவில் ஊற்றுவார். குறை சொல்லி வந்தவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் கடையவேண்டும். வெண்ணெய் வராது. "உங்கட அதிட்டத்தை ஆரோ களவெடுத்திட்டினம்" என்பார். மத்தைத் தொடாதவர் எவரோ, அவரே கள்ளர். பிறகு பழுக்கக் காய்ச்சிய குதிரை லாடத்தை மந்திரத்தோடு உள்ளே இறக்குவார். சீறும். வெண்ணெய் திரளும். சனம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். நூறு யூரோ.

சந்திரகாந்தி போன அன்று மத்தைத் தொடாதவள், கூட வந்த புஷ்பா. "தோள் நோகுது, ஏலாது" என்றிருந்தாள். இருபது வருடத் தோழி அந்த நிமிடமே கள்ளியானாள். மகன் நிதின் வாகனம் ஓட்டும் உரிமத்துக்கான எழுத்துச் சோதனையில் மூன்று தரம் தவறியதற்குக் காரணம் கிடைத்துவிட்டது. அவன் புத்தகத்தைத் திறக்கவில்லை என்று நம்புவதைவிட இது சந்திரகாந்திக்குச் சுகமாக இருந்தது. அந்தச் சுகத்தை அவள் கிளறிப் பார்க்கவில்லை.

நிதின் நாலாம் தரமும் தவறினான். சந்திரகாந்தி சாமியிடம் இரண்டாவது டெர்மின் எடுத்தாள். அங்கே அழையாமலே வந்து நின்றாள் புஷ்பா. அவளுக்குப் பால் தொழிற்சாலையில் வேலை.

"அண்ணை, இண்டைக்கு லாடத்தைக் காய்ச்சாமல் போடுங்கோ. மந்திரத்தை மட்டும் வடிவாச் சொல்லுங்கோ."

"தெய்வக் குத்தம், தங்கச்சி."

"ஏன், உங்கட தெய்வத்துக்குக் குளிருமோ?"

சனம் சிரித்தது. மறுக்க வழியில்லை. குளிர்ந்த லாடம் இறங்கியது. அரை மணி நேர மந்திரம். நுரைதான் வந்தது.

புஷ்பா அதே கிரீமை ஒரு போத்தலில் ஊற்றி, இளஞ்சூட்டுத் தண்ணீரில் வைத்திருந்தாள். அதை எடுத்துச் சந்திரகாந்தியிடம் நீட்டினாள்.

"தோள் நோ இன்னும் மாறேல்லை. நீங்களே குலுக்குங்கோ அக்கா."

ஐந்தே நிமிடம். போத்தலுக்குள் மஞ்சளாய் ஒரு கட்டி 'தொப்' என்று மோதியது. மந்திரம் சொன்னவர் எவருமில்லை.

"கடுங்குளிரில கொழுப்புத் திரளாது. அவ்வளவுதான்" என்றாள் புஷ்பா.

"சூட்டையும் தெய்வம்தானே படைச்சது!" என்றார் பரராசசிங்கம். அதற்கும் இரண்டு பேர் தலையாட்டினார்கள். மற்றவர்கள் காசைத் திருப்பிக் கேட்டார்கள்.

"நான் களவெடுத்தன் எண்டு உண்மையா நம்பினியளோ அக்கா?" என்று கேட்டாள் புஷ்பா.

இல்லை என்று சொல்லச் சந்திரகாந்திக்கு வாய் வந்தது. விழுங்கிக்கொண்டாள்.

"ஓம். நிதினை நம்ப எனக்கு வேற ஆரையாவது நம்பாமல் இருக்கவேண்டிக் கிடந்தது."

புஷ்பா மேலங்கியை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனாள்.

வெண்ணெய் திரளப் பதினைந்து பாகைச் சூடு போதும். கூடப் பழகியவளைக் கள்ளியாக்குமுன் ஒரு கேள்வி கேட்க, சனங்களே, உங்கள் மூளைக்கு எத்தனை பாகை வேண்டும்?