எங்கை போறியள், சேர்?

மேலதிகாரி தான் சொன்னதை மறந்துபோவார். அதை மறக்காமல் வைத்திருந்தவள் பேச்சு வாங்குவாள். கந்தோர் ஒழுக்கம் என்றால் இவ்வளவுதான். நான் பட்டுத் தெளிந்தவள், ஆகையால் அடித்துச் சொல்லுவேன்.

பெற்றோல் என்ற சாமானே யாழ்ப்பாணத்தில் இல்லாமற்போயிருந்த காலம். மருதனார்மடத்தில் விதை, உரம் விற்கிற ஒரு தனியார் கந்தோரில் முன்மேசையில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. நிரந்தரமாக்க வேண்டியவர் முகாமையாளர். கொழும்பில் பெரிய கந்தோர்களில் இருந்து வந்தவர், ஆகவே எங்கள் எல்லாருக்கும் பழக்கவழக்கம் போதாது என்பது அவருடைய தீராத கவலை.

ஒருநாள் அவரைத் தேடி வந்த ஒருவரிடம் நான், “அவர் எங்கையோ போயிட்டார்” என்று சொல்லிவிட்டேன். அதற்கு அரை மணித்தியாலம் வகுப்பு நடந்தது. இனிமேல் வெளியே போகிறவர் யாராக இருந்தாலும், பதவி பார்க்காமல், எழுந்து நின்று, சிரித்த முகத்தோடு, எங்கே போகிறார், எப்போது வருவார் என்று கேட்டு வைக்கவேண்டும் என்றார்.

நான் கண்ணாடிக்கு முன்னால் நின்று சிரித்துப் பழகினேன். (அவ்வளவு விசரி.) பின்வளவுக் கக்கூசுக்கு அவசரமாகப் போன பாலன் அண்ணையைக்கூட விடவில்லை. கந்தோரில் எடுபிடி வேலை முழுவதும் அவர்தான். “எப்ப வருவியள்” என்று கேட்டதற்கு அவர் சொன்ன பதிலை இங்கே எழுதமுடியாது.

இனி ஒரு விசயம். புறப்படுகிறவரை “எங்கை” என்று கேட்பது எங்கள் ஊரில் பெரிய குற்றம். போகிற காரியம் கெட்டுவிடும். மிஞ்சிப்போனால் “தூரமோ?” என்று கேட்கலாம். அவரும் “உதிலை ஒருக்கா” என்று ஒரு திசையைக் காட்டிவிட்டுப் போவார். இது எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் சட்டம் சட்டம்தானே.

அன்றைக்கு முகாமையாளர் பட்டு வேட்டியும் சந்தனப்பொட்டுமாக வந்தார். மகளுக்குச் செவ்வாய் தோசம். வந்த சம்பந்தம் எல்லாம் தட்டிப்போய், கடைசியாக அளவெட்டியில் ஒன்று பொருந்தியிருந்தது. நல்ல நேரத்துக்குள் போய்ப் பேசவேண்டும். அவருடைய மோட்டார் சைக்கிள் மண்ணெண்ணெயில் ஓடுவது. ஸ்ராட் பண்ணுவதற்கு மட்டும் சின்னப் போத்தலில் இருந்து சில சொட்டுப் பெற்றோல் விடவேண்டும். பாலன் அண்ணை கடைசிச் சொட்டையும் விட்டு, உதைத்து உதைத்து, ஒருவழியாக இயந்திரம் புகையைக் கக்கிக்கொண்டு உயிர்பெற்றது.

நான் புகைக்குள்ளால் ஓடிப்போய் எழுந்து நின்ற மாதிரியே நின்று, சிரித்து, கேட்டேன். அவருக்குக் கேட்கவில்லை. ஏதோ அவசரச் செய்தி என்று நினைத்து, மனிதர் இயந்திரத்தை நிற்பாட்டிவிட்டுக் காதைத் தந்தார்.

“வணக்கம் சேர். எங்கை போறியள்? எப்ப வருவியள்?”

பாலன் அண்ணை தலையில் அடித்துக்கொண்டார். முகாமையாளர் உள்ளே வந்து, கதிரையில் இருந்து, தண்ணீர் குடித்து, சகுனத்தை மாற்றிவிட்டுத் திரும்பப் புறப்பட்டார். சகுனம் மாறியது, மோட்டார் சைக்கிளின் மனம் மாறவில்லை. பாலன் அண்ணை உதைத்துக் களைத்துப்போனார். நல்ல நேரம் முடியப்போகிறது. கடைசியில் என்னுடைய லேடீஸ் சைக்கிளைப் பறித்துக்கொண்டு, வேட்டியை மடித்துக் கட்டி, முன்கூடை ஆட ஆடப் போனார் அந்த மனிதர். பழக்கதோசத்தில் நான் மறுபடியும் வாய் திறக்கப் போக, பாலன் அண்ணை குறுக்கே வந்து நின்றார்.

மறுநாள் முகாமையாளர் கூப்பிட்டார்.

“பிள்ளை, உமக்கு அறிவிருக்கோ?”

“நீங்கள்தானே சேர் கேக்கச் சொன்னனீங்கள்.”

“நான் கந்தோரிலை வேலை செய்யிற ஆக்களைச் சொன்னனான்.”

அப்படியென்றால் அவர் அங்கே என்ன செய்துகொண்டிருந்தார்? இதை நான் கேட்கவில்லை. வேலை போய்விடும் என்று பயம். இன்றைக்கு நினைத்தாலும் வயிறு எரிகிறது.

இத்தனைக்கும் சம்பந்தம் சரிவந்துவிட்டது! வேர்க்க விறுவிறுக்கப் பெண்கள் சைக்கிளில் வந்து இறங்கியவரைப் பார்த்து, எடுப்பு, பெருமை இல்லாத மனிதர் என்று மாப்பிள்ளையின் தகப்பனுக்கு நன்றாகப் பிடித்துப்போயிற்றாம். புகழ் முழுவதும் பிள்ளையாருக்குப் போனது, நூற்றியெட்டுத் தேங்காயும் அவருக்கே உடைந்தது. பிறகு மருமகன் மாமனாருடன் முகம் கொடுத்துக் கதைக்காமல் விட்டபோது மட்டும், “உவள் அண்டைக்குக் கேட்ட கேள்வியாலை” என்றார்களாம்.

என்னை நிரந்தரமாக்கினார், பொய் சொல்லக்கூடாது. ஆனால் அதே நாள் என் மேசையைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போடுவித்தார், போகிறவர் வருகிறவர் ஒருவரும் என் கண்ணில் படாதபடி. அந்தக் கந்தோரை விடும்வரை சுவரைப் பார்த்துத்தான் வேலை செய்தேன்.

அங்கே வெங்காய விதை வாங்க வந்துபோன சண்டிலிப்பாய்க்காரர் ஒருவர் பிறகு என்னைப் பெண் பார்க்க வந்தார். நான் தேத்தண்ணித் தட்டோடு வந்து நின்றேன். மனிதர் என் முகத்தை உற்று உற்றுப் பார்த்துவிட்டு, சபையில் சொன்னார்:

“பிள்ளையை ஒருக்காத் திரும்பி நிக்கச் சொல்லுங்கோ. அப்பதான் ஆள் ஆரெண்டு மட்டுக்கட்டலாம்.”

அவரைத்தான் கட்டினேன். எங்கள் குடும்பத்தில் எந்தக் கலியாணவீடென்றாலும் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள், இப்போது பேரப்பிள்ளைகளும் சேர்ந்து. அந்த முதுகை அந்தப் பக்கம் திருப்பி வைத்தது யார் என்று மட்டும் இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.