இரண்டடித் தண்ணீர்

அன்பு மகள் பொன்மணி பிரித்துப் படிக்க, சங்கரன்கோவிலிலிருந்து அப்பா மூக்காண்டி தன் கையாலேயே எழுதியது. கையெழுத்தைப் பார்த்துப் பயந்துவிடாதே. சில எழுத்து பெரிதாகவும் சில எழுத்து எறும்பு மாதிரியும் இருக்கும், வரி பாதியில் மலை ஏறும். பொறுத்துக்கொள். மூன்று நாளாக எழுதுகிறேன். "இந்நேரம் திருப்பூருக்கு நடந்தே போயிட்டு வந்திருக்கலாம்" என்கிறாள் உன் அம்மா.

இருவரும் சுகம். மாப்பிள்ளை ஆனந்த்சங்கரைக் கேட்டதாகச் சொல். பஸ் ஸ்டாண்டில் இப்போது யாரையும் கேட்காமல், போர்டை வாசித்தே சிவகிரி பஸ்ஸைக் கண்டுபிடித்துவிடுகிறேன். போன வாரம் ஒரு வேலையும் இல்லாமலேயே ஏறிப் போய்விட்டு வந்தேன்.

பனியன் கம்பெனி வேலையை விட்டுவிட்டுத் தீபாவளியோடு வந்து நம் காட்டில் பயிர் வைக்கப்போகிறோம் என்றாயே, அதற்கு முன்னால் இதை நீ படித்துவிட வேண்டும்.

சாயங்காலம் எங்களுக்கு எழுத்துச் சொல்லித்தரும் அனுராதா டீச்சர், பகலில் ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல் நடத்துகிறவர்கள். கிணறுகளில் தண்ணீர் எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்று அந்தப் பிள்ளைகள் ஆய்வு செய்கிறார்கள், மொத்தம் பன்னிரண்டு கிணறு, கிணற்றுக்காரர் தினமும் காலையில் கல் கட்டிய கயிற்றை இறக்கி, நனைந்த நீளத்தை நோட்டில் எழுத வேண்டும், ஜஸீமா, கோமதித்தாய் என்ற இரண்டு பிள்ளைகள் வந்து அதை டேப்லெட்டில் ஏற்றுவார்கள், மறுநாள் வகுப்பில் பெரிய திரையில் பன்னிரண்டு கோடாகத் தெரியும். நம் கிணற்றுக்கு நானே எழுதுவேன் என்று முந்திக்கொண்டு கையைத் தூக்கினேன். புது நோட்டு வாங்கி நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, பக்கத்துக்குப் பக்கம் பிள்ளையார் சுழி போட்டேன். ஆடித்தபசு முடிந்த மறுவாரம் கயிற்றை இழுத்தால் கல் காய்ந்தே வருகிறது. மேலே பிள்ளையார் சுழி, கீழே தண்ணீர் இல்லை என்று எப்படி எழுத? எழுபத்திரண்டு வயதில் எழுதப் பழகின கைக்கு அந்தச் சொல் வரவில்லை மக்கா. முந்தின நாளைய இரண்டடியையே எழுதினேன். மறுநாளும் அதேதான். இப்படி இருபத்து மூன்று நாள்.

மற்ற பதினோரு கோடும் சறுக்கி இறங்க, நம் கோடு மட்டும் கொடிக்கயிறு மாதிரி நேராகக் கிடந்திருக்கிறது. "தாத்தா, ஒங்க கிணத்துல மட்டும் என்ன ரகசியம்?" என்று ஜஸீமா ஓடி வந்தாள். "வேப்பமரமா இருக்கும் தாயி" என்று சொல்லித் தொலைத்தேன். அவ்வளவுதான், பிள்ளைகள் பழைய கேள்வியை விட்டுவிட்டு நம் வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டார்கள். நிழலை அளந்தார்கள், வேரைப் படம் எடுத்தார்கள், இலையைக்கூட எடை போட்டார்கள். தென்காசியில் நடக்கும் அறிவியல் போட்டிக்கும் தேர்வாகிவிட்டார்கள். நடுவர் நாறும்பூநாதன் சார், டீச்சரையும் கூட்டிக்கொண்டு கிணற்றை நேரில் பார்க்க வந்தார். எட்டிப் பார்த்து, ஒரு கல்லைப் போட்டார். டொக் என்றது.

"என்னவே, தண்ணிய எங்கன ஒளிச்சு வச்சிருக்கீரு?"

"நோட்டுக்குள்ள வச்சிருக்காரு சார்" என்றாள் உன் அம்மா.

டீச்சர் முகம் செத்துப்போயிற்று. "தப்பு என்னோடது சார். தெரையில கோடு அழகா வருதுன்னு பாத்துக்கிட்டே இருந்துட்டேன். ஒரு நாளாவது நான் வந்து கயித்தப் பிடிச்சிருக்கணும்" என்றார்கள். சார் பட்டியலில் பிள்ளைகள் பெயரை அடித்துவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் நோட்டை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன். ஒருத்தரும் ஏசவில்லை. ஏசியிருந்தால் தேவலை. ஜஸீமா வீங்கின கண்ணோடு டேப்லெட்டைத் திறந்து, "எந்தத் தேதியிலேருந்து, தாத்தா?" என்றாள். "ஏன் அப்படி எழுதுனீங்கன்னும் சொல்லுங்கய்யா, அதையும் சேத்து எழுதுவோம். போட்டி போனாப் போகட்டும், ஆய்வ முடிக்கணும்லா?" என்றார்கள் டீச்சர். நான் தேதி சொல்லச் சொல்ல, பிள்ளை ஒவ்வொன்றாகச் சைபர் போட்டாள். திரையில் நம் கோடு ஒடிந்து, தரையில் விழுந்து, அப்படியே கிடந்தது. தினமும் கிணற்றின் அடிமண்ணைப் பார்த்தும் அழாதவன், அந்தக் கோட்டைப் பார்த்துப் பிள்ளைகள் முன்னால் அழுதுவிட்டேன்.

போனில் நீ கேட்டபோதெல்லாம் உனக்கும் அந்த இரண்டடியைத்தான் சொன்னேன். அதை நம்பித்தானே கிளம்பப் பார்க்கிறீர்கள். கிணற்றில் தண்ணீர் இல்லை. இந்த ஐப்பசி மழைக்கு ஊறுமா, அதுவும் தெரியாது. இருக்கிற வேலையை விடாதே. வராதே மக்கா.

கோமதியம்மன் உங்கள் இருவருக்கும் துணை இருப்பாள். அடுத்த வாரமும் எழுதுகிறேன், அதற்குள் வரி கொஞ்சம் நேராகிவிடும்.

உன் அப்பா,
மூக்காண்டி

பி.கு.: தபாலில் போடுமுன் வாசித்துப் பார்த்தேன். தண்ணீர் இல்லை என்றது நிசம். வராதே என்றதை எழுதினது, நோட்டில் இரண்டடி எழுதின அதே கை. உன் அம்மா போன வாரமே இரண்டு புதுப் பாய் வாங்கி வைத்துவிட்டாள். எந்தத் தேதியில் வருகிறாய் என்று நீயும் கடிதமாகவே எழுது. யாரிடமும் கொடுக்காமல் நானே வாசித்துக்கொள்வேன்.