சென்னையில் நல்ல சாரல்

தென்காசியில் வீடு வைத்திருப்பவன் ஆனி, ஆடி மாதங்களில் சொல்லும் பொய்யைப் பாவத்தில் சேர்க்கக் கூடாது என்பது என் கட்சி. குற்றாலத்தில் சீசன் தொடங்கியதும், அதுவரை நம் போன் நம்பரையே தொலைத்திருந்த சொந்தங்களுக்கெல்லாம் நம்மேல் பாசம் பொங்கிவிடும். ஐந்தருவியில் குளித்துவிட்டு ஈரத் துண்டோடு நேராக நம் வீட்டுக்குத்தான் வருவார்கள். (“சும்மா எட்டிப் பாத்துட்டுப் போவோம்னு வந்தோம்.” எட்டிப் பார்க்க எதற்கய்யா பாயும் தலையணையும்?)

மூன்று வருடத்துக்கு முந்தைய சீசனில் தொடர்ந்து நாலு வாரம் எங்கள் வீட்டில் இந்தப் பாசம் பொங்கியது. ஐந்தாவது வாரம் என் மனைவி செல்வி இட்லிச் சட்டியைக் கழுவிக் கவிழ்த்தாள்.

“இந்தச் சனிக்கிழமை இந்த வீட்ல அடுப்பப் பத்த வைக்க மாட்டேன். எங்கனயாவது கூட்டிட்டுப் போங்க. இல்லேன்னா நான் மட்டும் போயிருதேன்.”

நான்தான் மகா கெட்டிக்காரன் ஆயிற்றே. போனில் தேடி ‘ஏரிக்கரை மரக் கேபின்’ ஒன்றைக் கண்டுபிடித்தேன். படத்தில் பனி, ஏரி, மரவீடு, காபிக் கோப்பையோடு சிரிக்கிற ஒரு குடும்பம். இடம் வடகரைப் பக்கம். பைக்கில் போனால் அரை மணி நேரம். புக் செய்த அன்று சாயங்காலமே அத்தானிடமிருந்து போன்.

அத்தான் என் அக்காவின் கணவர். தூத்துக்குடியில் சப்-இன்ஸ்பெக்டர். ஒரு காதுகுத்தில் தன்னை இரண்டாம் பந்தியில் உட்கார வைத்துவிட்டார்கள் என்று சொந்தத் தம்பியோடு பதினோரு வருடமாகப் பேசாத மகான்.

“மாப்ளே, சனிக்கிழமை வாரோம். எட்டே பேருதான்.”

“அய்யோ அத்தான், அன்னைக்கு நாங்க சென்னையிலல்லா இருப்போம். ஒரு கல்யாணம்.”

ஒரு போலீஸ்காரரிடமே இவ்வளவு சரளமாகப் புளுகிய என்னை நானே மெச்சிக்கொண்டேன். செல்வி மெச்சவில்லை.

“அண்ணாச்சிக்குத் தெரிஞ்சா அவ்வளவுதான். மதினிய அப்புறம் நம்ம வாசப்படி மிதிக்க விடமாட்டாவ. இருக்கது ஒரே அக்கா, பாத்துக்கிடுங்க.”

“வடகரையில நம்மள யாரு பாக்கப் போறா?” என்றேன்.

சனிக்கிழமை நானும் செல்வியும் ஆறு வயது மகள் மீனுவும் போய் இறங்கினோம். மரக் கேபின் என்பது மரக்கலர் பெயிண்ட் அடித்த சிமெண்ட் அறை. ஏரி என்பது நாங்கள் பிறந்ததிலிருந்து பார்த்து வருகிற மாதிரியான குளம். நாலு எருமைகள் எங்களுக்கு முன்பே புக் செய்து உள்ளே படுத்திருந்தன. எங்கள் அறையை ஒட்டி இன்னொரு அறை. நடுவில் அட்டை மாதிரி ஒரு சுவர். அந்தப் பக்கம் ஒருவர் கொட்டாவி விட்டால் இந்தப் பக்கம் நமக்குத் தூக்கம் வரும்.

மத்தியானம் ஒரு வேன் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. பக்கத்து அறைக்கு ஆள் வந்துவிட்டார்கள் போல என்று நினைத்துக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் என் போன் அடித்தது. அத்தான்.

“மாப்ளே, சென்னை எப்படி இருக்கு?”

கேள்வி வலது காதில் போனிலிருந்தும் இடது காதில் சுவரிலிருந்தும் வந்தது. போனில் ஏதோ கோளாறு என்று நினைத்தேன். (என் அறிவுக்கு இதற்குமேல் சாட்சி வேண்டாம்.)

“வெயிலு கொளுத்துது அத்தான்” என்றேன், ஜன்னல் வழியாக அடித்த சாரலைத் துடைத்துக்கொண்டே.

“மாடு கத்துத மாதிரி இருக்கே?”

“நாதஸ்வரம் அத்தான்.”

“ஓ. மாப்பிள வீடா, பொண்ணு வீடா?”

“ரெண்டு வீட்டாளும் வந்திருக்காவ அத்தான்.”

செல்வி வாயைப் பொத்திக்கொண்டு சுவரைக் காட்டினாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. மீனு அதற்குள் சுவரில் காதை வைத்து, “அப்பா, மாமா செவுத்துக்குள்ள இருக்காங்க” என்றாள்.

“மீனுக்குட்டி, கதவத் தொறம்மா” என்றது போன்.

கதவைத் திறந்தேன். வாசலில் அத்தான், போனைக் காதிலிருந்து எடுக்காமலே நின்றார். பின்னால் அக்கா.

“நீ ஊர்ல இல்லேன்ன. குத்தாலத்துல எங்கயும் ரூம் கெடைக்கல. வேன் டிரைவர்தான் இங்கன கொண்டாந்து விட்டாரு” என்றார். “வந்து எறங்கினா பின்னால ஒன் பைக் நிக்கி. நீ ஊர்ல இல்லாத நேரம் பாத்து எவனோ தூக்கிட்டு வந்துட்டானோன்னு பதறிப் போயிட்டேன்லே. ஒன் சத்தம் செவுத்துக்கு இங்கிட்டும் கேட்ட பெறவுதான் உசுரு வந்துச்சு.”

அக்கா பையிலிருந்து தூத்துக்குடி மக்ரூன் மிட்டாய்ப் பொட்டலத்தை எடுத்து மீனுவிடம் கொடுத்தாள். “ஒனக்குத்தான் வாங்கினேன். ஊர்ல இல்லேன்னதும் யாருக்குக் குடுக்கன்னு இருந்துச்சு.” நாலு அறை அறைந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். வெட்கத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அத்தான் பேச்சை நிறுத்திவிட்டார். பதினோரு வருடத்தின் முதல் நிமிடம் ஓட ஆரம்பித்துவிட்டது என்றே நினைத்தேன். செல்விதான் முன்னால் வந்தாள்.

“அண்ணாச்சி, நாலு வாரமா ஆக்கி ஆக்கி எனக்கு இடுப்பு விட்டுப்போச்சு. நான்தான் எங்கனயாவது போவோம்னேன்.”

அத்தான் அவளையே பார்த்தார். “இத மொதல்லயே சொன்னா என்னம்மா? எனக்கு ஆக்கத் தெரியாதா?” என்றவர், என் பக்கம் கையை நீட்டினார். அடிக்கத்தான் என்று கன்னத்தைத் தயாராக வைத்துக்கொண்டேன்.

“வீட்டுச் சாவியக் குடு” என்றார்.

ஏரியை எருமைகளிடமே ஒப்படைத்துவிட்டு எல்லோரும் தென்காசி வந்தோம். எங்கள் அடுப்பை அத்தான் பற்ற வைத்தார். செல்வி காலை நீட்டி டி.வி. பார்த்தாள். குழம்பில் உப்புக் கொஞ்சம் தூக்கல். அதைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை?

அந்தச் சாவி இன்றுவரை என் கைக்குத் திரும்பவில்லை. அத்தானின் சாவிக்கொத்தில் தொங்குகிறது. போன சனிக்கிழமை நான் வேலை முடிந்து வந்தபோது எங்கள் வீட்டுக் கொடியில் எட்டு ஈரத் துண்டுகள் காய்ந்துகொண்டிருந்தன. என் வீட்டுக் கதவை நானே தட்டினேன். கரண்டியும் கையுமாக அத்தான் வந்து திறந்தார்.

“வா மாப்ளே. எப்பம்லே வந்தே? சென்னையில நல்ல சாரலா?”