ஒரு வாரமாக அணையாத மஞ்சள் விளக்கு

அன்புள்ள மாப்பிள்ளைக்கு உன் அக்கா வீட்டுக்காரர் எழுதிக்கொள்வது. இங்கே பைக்கைத் தவிர எல்லோரும் நலம். அங்கே நீயும் உன் பைக் எலக்ட்ரிக்கல் ஒர்க்‌ஷாப்பும் நலம்தானே?

வண்டியிலிருந்து விழுந்து முறிந்த என் தோள்பட்டை எலும்பு கூடிவிட்டது. திங்கட்கிழமை வண்டியோடு வந்தால் பழையபடி வீடு வீடாகத் தண்ணீர் மீட்டர் பார்க்கும் வேலை, வண்டி இல்லாமல் வந்தால் புகார் கவுண்டரில் நாற்காலி என்று மேலதிகாரி கறாராகச் சொல்லிவிட்டார். இருபத்திரண்டு வருஷம் தெருவில் சுற்றியவனைக் கம்பிவலைக்குப் பின்னால் உட்காரவைத்தால், குழாயில் தண்ணி வராதவனெல்லாம் என் மூஞ்சியில்தானே கத்துவான்? அதனால்தான் தினமும் போனில் உன் பிராணனை வாங்குகிறேன்.

மாடிப்படிக்கு அடியில் மூன்று மாதம் நின்ற வண்டியில் சாவியைப் போட்டால், எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிகிறது. ஸ்டார்ட்டரை அமுக்கினால் சும்மா சுற்றுகிறதே தவிர எஞ்சின் பிடிக்கவில்லை. நீ பேட்டரியை அளக்கச் சொன்னாய். பக்கத்து வீட்டு ரேடியோ ரிப்பேர்காரரிடம் மீட்டர் வாங்கி, எதையோ எதிலோ வைத்து அளந்தேன், அது 'டப்' என்று உயிரை விட்டது. மனுஷன் இப்போது என்னைக் கண்டால் கதவைச் சாத்துகிறார். "காலம்பூரா மீட்டர் பாத்த மனுஷன்"னு உன் அக்கா விழுந்து விழுந்து சிரிச்சா. பேட்டரி முனையில பூத்திருந்த வெள்ளையை வெந்நீர் ஊத்திக் கழுவச் சொன்ன, கழுவினேன். அது அவ குளிக்க வெச்ச வெந்நீர், அதுக்குத் தனியா வாங்கிக் கட்டிக்கிட்டேன். எர்த் வயரைச் சுரண்டச் சொன்ன, சுரண்டினேன். அன்னையிலிருந்து ஹாரனை அமுக்கினா இண்டிகேட்டர் கண்ணடிக்குது. நான் என்னய்யா பாவம் பண்ணினேன்?

டேங்கைக் கழட்டுங்க மாமான்னு சொன்னியே, வீடு பூரா பெட்ரோல் நாத்தம். "அந்தக் கவுண்டர்ல ஃபேனுக்கடியில உக்காந்தா உங்க கிரீடம் கழண்டு விழுந்துடுமா?"ங்கிறா உன் அக்கா. "வண்டி ஓடாம ஆபீஸ் வாசப்படி மிதிக்க மாட்டேன்"னு நானும் கத்திட்டேன். ஆனா ஒண்ணு, அத்தனை கோபத்துலயும் எனக்கு டார்ச் பிடிச்சது அவதான். சீட்டைக் கழட்டினப்ப மட்டும் டார்ச் சுவத்துப் பக்கம் போயிடுச்சு, இருட்டுல தடவித்தான் பாத்தேன். எல்லாத்தையும் திருப்பி மாட்டினப்புறம் ஏழு ஸ்க்ரூ மிச்சம். விளக்கு மட்டும் அணையலை.

உன்னை நம்பாமல் வேறு யாரை நம்புவது? ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒரு நடை வந்துவிட்டுப் போ. உன் வீட்டுப் பெரியவர்களுக்கு என் வணக்கம், குழந்தைகளுக்கு ஆசி. கரண்டில் கை வைக்கிற பிழைப்பு, பத்திரமாக இரு.

இப்படிக்கு,
கையெல்லாம் கிரீஸோடு,
உன் மாமா

பி.கு.: கவரை ஒட்டுமுன் பட்டன் தைக்கலாம் என்று உன் அக்காவின் ஊசி டப்பாவைத் திறந்தேன். அவள் கடைக்குப் போயிருந்தாள். உள்ளே தீப்பெட்டி அளவில் கறுப்பாக ஒரு ரிலே. அதைச் சுற்றியிருந்த மருந்துச் சீட்டின் பின்னால், போன மாசம் நீ வந்தபோது போட்ட படம், கீழே உன் கையெழுத்து! "வண்டி சீட்டுக்கடியில இருக்கு. இந்த ரிலேயைப் பிடுங்கிட்டா பெட்ரோல் பம்புக்குக் கரண்ட் போகாது, வண்டி கிளம்பாது. மாமா கேட்டா நான் பாத்துக்கறேன்கா." அட கிராதகா! ஒரு வாரமா என்னை இப்படியா பாத்துக்கிட்ட?

மாட்டினேன். ஒரே அமுக்கில் எஞ்சின் பிடித்தது, விளக்கும் அணைந்தது. தெருமுனை வரைக்கும் போய் வரலாம் என்று ஏறி உட்கார்ந்தபோதுதான் அந்த மருந்துச் சீட்டைத் திருப்பிப் பார்த்தேன். நான் விழுந்த அன்று ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்த சீட்டு. அன்றைக்கு அவள் எப்படி அழுதாள் என்று எனக்குத் தெரியும். போக மனசு வரவில்லை.

ரிலேயைக் கழட்டிப் பழையபடி சுற்றி டப்பாவிலேயே வைத்துவிட்டேன். எனக்குத் தெரியும் என்று அவளுக்குத் தெரிய வேண்டாம். ஆனால் நான் கத்திய கத்தலுக்கு, சும்மா இறங்கிவரவும் முடியாது. அதனால் ஞாயிற்றுக்கிழமை நீ வர வேண்டாம், திங்கட்கிழமை காலையில் போன் பண்ணி, "இனிமே ஒண்ணும் பண்ண முடியாது மாமா, பேசாம கவுண்டருக்குப் போங்க" என்று அவள் காதில் விழுகிற மாதிரி சத்தமாகச் சொல்.