திமிங்கிலம் விழுங்கப் பார்த்த சம்பந்தம்

அன்புள்ள அண்ணாவுக்குத் தங்கை எழுதிக்கொண்டது. இங்கே எல்லோரும் நலம். 'நலம்' என்று நம்பி எழுத எனக்கு இன்றைக்குத்தான் தைரியம் வந்தது. அங்கே அண்ணியும் பிள்ளைகளும் சௌக்கியமா?

இவரைத்தான் உங்களுக்குத் தெரியுமே. காலமெல்லாம் புராணக் கதைகளை ஆராய்ந்து, எந்தக் கதையானாலும் அதற்குள் இருப்பது சூரியன்தான் என்று கண்டுபிடித்தவர். குழாய் உடைந்து சமையலறை மிதந்தபோதுகூட, பிளம்பரைக் கூப்பிடாமல் எனக்குப் பிரளயக் கதைகளை விளக்கிக்கொண்டிருந்தார். நம் பெண் காதலித்துத் தொலைத்த பையனுக்கும் அதே தொழில், ஆனால் எதிர்க்கட்சி. எல்லாக் கதைக்கும் மூலம் பசிதான் என்பவன்.

நேற்று அவனை மதியச் சாப்பாட்டுக்கு அழைத்திருந்தோம். கதைப் பேச்சே கூடாது என்று இருவரிடமும் சத்தியம் வாங்காத குறை. தட்டில் கை வைத்ததுமே இவர், "ஏன் தம்பி, திமிங்கிலம் வீரனை முழுங்கிட்டு மறுநாள் துப்புதே, அதுக்கு என்ன அர்த்தம்?" என்றார். அந்தப் பிள்ளையாவது தெரியாது என்று சொல்லித் தொலைத்திருக்கலாம். "பசி சார்" என்றான். "பசின்னா ஏன்யா துப்புது? அஸ்தமனம், உதயம்! இதுகூடத் தெரியலையா?" என்று இவர் கரண்டியை ஆட்ட, குழம்பு அவன் வெள்ளைச் சட்டையில் தெறிக்க, அவன் அதைத் துடைக்காமல் மேற்கோள் காட்டிப் பதில் சொல்ல, இவர் "இந்தச் சம்பந்தமே வேண்டாம்" என்று கைகழுவ எழுந்துவிட்டார், அண்ணா. பெண் அழவில்லை. பையிலிருந்து ஓர் ஆய்விதழை எடுத்து மேஜை நடுவில் வைத்தாள். கதைகளுக்கு அர்த்தமே கிடையாது, பிள்ளைகளைத் தூங்கவைக்கச் சொன்னவை, ஆராய்கிறவர்கள்தான் தூக்கம் கெட்டுத் திரிகிறார்கள் என்று யாரோ புனைபெயரில் எழுதியிருந்தான்.

"யார்ரா இவன், நம்ம பொழப்புல மண்ணைப் போடறவன்?" என்றார் இவர்.

"விடக்கூடாது சார்" என்றான் அவன்.

"சார் என்ன சார்? மாமான்னு கூப்பிடுங்க, மாப்பிள்ளை!"

போன உயிர் எனக்குத் திரும்பி வந்தது. சாயங்காலம் வரை இருவரும் ஒரே சோபாவில் உட்கார்ந்து அந்த ஆசாமியைத் திட்டித் தீர்த்தார்கள். கல்யாணம் நிச்சயம். அண்ணியோடு முன்னதாகவே வந்துவிடுங்கள். பெரியவர்களுக்கு என் வணக்கம், சின்னவர்களுக்கு ஆசி.

இப்படிக்கு,
நிம்மதியாகத் தூங்கி எழுந்த தங்கை

பி.கு.: உறையை ஒட்டும்போது பெண் வந்து காதில் சொன்னாள்: "அம்மா, அதை எழுதினதே நான்தான். ரெண்டு பேருக்கும் பொதுவா ஒரு எதிரி வேணும்ல?" கெட்டிக்காரிதான். ஆனால் இவர்கள் இருவரும் சேர்ந்து, ஞாயிற்றுக்கிழமை நேரில் விவாதிக்க வரச்சொல்லி அந்த ஆசாமிக்கு நேற்றே ஈமெயிலில் எழுதிவிட்டார்கள். இடம், நம் வீட்டுச் சாப்பாட்டு மேஜை. அவளும் அந்தப் புனைபெயரிலேயே, வருவதாகப் பதில் போட்டுவிட்டாளாம். "சும்மா எழுதினேன்னு சொல்லிடுடி" என்று கெஞ்சினேன். "சும்மா இல்லம்மா, அதுதான் உண்மை" என்கிறாள். கல்யாணத்துக்கு மெதுவாக வரலாம், முதலில் ஞாயிற்றுக்கிழமை வந்துவிடுங்கள், அண்ணா.